என் உடம்பில் நடந்தவள்

குண்டாக இருப்பவளுக்கு எந்த வியாதி வந்தாலும் மருந்து ஒன்றுதான். காது வலிக்கிறது என்று போனாலும் எடையைக் குறையுங்கள் என்பார்கள். எனக்கு வந்தது முதுகுவலி என்பதால் அந்த மருந்தை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எலும்பு டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். எடை குறைக்கும் டாக்டர், வாயைக் கட்டினால் மட்டும் போதாது, தினமும் நடக்க வேண்டும் என்றார். நடையைச் சொல்லிக்கொடுக்கப்போன பிசியோதெரபிஸ்ட் என் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த வலியோடு நடக்கவே முடியாது, முதலில் போய் எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். மூன்று பேரும் மூன்று தெருவில் இருந்தார்கள். எங்கள் தெரு ஆட்டோக்காரருக்கு அந்த மூன்று வாசலும் மனப்பாடம்.

என் பெயர் அமலோற்பவம். திருவண்ணாமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். வைத்தவன் யாரென்றும் தெரியும். கணக்கில் நல்ல பையன் என்பதால் விட்டுவிட்டேன். உட்கார்ந்தபடியே பாடம் நடத்துவேன். கரும்பலகையில் எழுத எழுந்தால் இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் யாரோ திருப்புளி வைத்துத் திருகுவதுபோல் இருக்கும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கப் பழகியிருந்தேன். குண்டாக இருப்பவள் வலிக்கிறது என்று சொன்னால் யாரும் இரக்கப்படுவதில்லை. நீயே தேடிக்கொண்டது தானே என்பதுபோல் ஒரு பார்வை வரும்.

வலியோடு பல வருடம் குடும்பம் நடத்தியாயிற்று. பயம் வந்தது ஒரு செருப்பினால். காலைப் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே ஒரு மாணவி ஓடிவந்து, "டீச்சர், உங்க செருப்பு" என்று நீட்டினாள். இடது காலைப் பார்த்தேன், வெறுங்கால். செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. மைதானம் முழுக்கக் கல்லில் நடந்து வந்திருக்கிறேன், அதுவும் தெரியவில்லை.

எலும்பு டாக்டர் இந்த முறை ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார். நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, முதுகெலும்பில் வைக்கும் திருகாணியும் நிற்காது.

"குறைச்சுட்டு வந்தா செய்வேன். மழைக்காலத்துக்குள்ள வரலைன்னா அந்தக் கால் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

நடக்காமல் எடை குறையாது. எடை குறையாமல் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லாமல் நடக்க முடியாது. கணக்கு டீச்சரான எனக்கே விடை வராத கணக்கு அது.

அப்போதுதான் என் கணவர் சவரிராஜ் நடைமனை என்ற இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். கிரிவலப் பாதையில் புதிதாகத் திறந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம்போல் இருக்கும். உள்ளே குளிரூட்டிய அறைகள், வெள்ளைப் படுக்கைகள். டாக்டர் இளம்பரிதி என்பவர் ஒரு ரப்பர் பட்டையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே விளக்கினார்.

"இத உங்க தலையில மாட்டுவோம். நீங்க தூங்கிடுவீங்க டீச்சர். உங்க உடம்பு எழுந்து நடக்கும்."

"யாரு நடத்துவாங்க?" என்று சவரிராஜ் கேட்டார்.

"எங்க நடையாளர் ஒருத்தர் பக்கத்துக் கட்டடத்துல படுத்திருப்பாங்க. அவங்க தலையிலயும் இதே பட்டை. நடக்கணும்னு அவங்க நினைச்சா டீச்சரோட கால் நடக்கும். டீச்சர் கால்ல முள்ளு குத்தினா அவங்களுக்கு வலிக்கும்."

"அப்ப என் முதுகுவலி?" என்றேன்.

"அதுவும் அவங்களுக்குத்தான். நீங்க எழுந்திருக்கும்போது நடை முடிஞ்சிருக்கும்."

சவரிராஜுக்கு இது பிடிக்கவில்லை. "கூலிக்கு மாரடிக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். கூலிக்கு வலி கூடப் படுவாங்களா?"

"வற்புறுத்தி யாரையும் எடுக்கறதில்ல சார். வேணும்னு கேட்டு வர்றவங்களே எங்களுக்கு அதிகம்" என்றார் டாக்டர். நடையாளர் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள். என் உடம்பில் இருக்கும்போது அவர் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது, தேவையில்லாமல் பேசக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது. "உங்க உடம்பு உங்க வீடு மாதிரி டீச்சர். வந்தவங்க நடையோட போயிடுவாங்க, எதையும் தொட மாட்டாங்க."

என் கால் எனக்கு வேண்டியிருந்தது. சம்மதித்தேன்.

முதல் நாள் தூங்கி விழித்ததை என்னால் மறக்க முடியாது. தினமும் விடியற்காலையில் பள்ளிக்கு முன்பாகப் போய்வருவதாக ஏற்பாடு. கண்ணை மூடியது தெரியும், திறந்தது தெரியும். கெண்டைக்காலில் இதமான ஓர் அசதி இருந்தது. சின்ன வயதில் கபடி ஆடிவிட்டு வந்தால் இருக்குமே, அந்த அசதி. கழுத்தில் வியர்வை. நான் நடந்திருக்கிறேன்! வலி இல்லாமல் நடந்திருக்கிறேன்! படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அன்று அதை மன்னித்துவிட்டேன். என் பங்கு வலியைச் சுமந்த அந்த முகம் தெரியாத மனிதருக்காக அன்றிரவு ஜெபமாலை சொன்னேன்.

முதல் மாதம் எடை குறைந்தது. அடுத்த மாதம் நின்றது. அதற்கடுத்த மாதம் ஏறியது.

நான் சாப்பிட்டது என்னவென்று எனக்குத் தெரியும். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கரண்டிச் சோறும் காயும், ராத்திரி ஒரு சப்பாத்தி. எடை டாக்டரிடம் இதைச் சொன்னால் அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "எங்கிட்ட மறைச்சு என்ன மேடம் ஆகப்போவுது? மெஷின் பொய் சொல்லாது" என்றார். மெஷின் பொய் சொல்லாது. நான் சொல்வேன். அதுதான் அதற்கு அர்த்தம்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் சர்க்கரை டப்பாவைக் காணோம்.

"டப்பா எங்கங்க?"

"மேல் தட்டுல வச்சேன். எறும்பு வருது" என்றார் சவரிராஜ்.

அந்தச் சமையலறையில் எறும்பு வராத நாளே கிடையாது. என்னால் கையைத் தூக்கி எடுக்க முடியாத தட்டு அது.

"நான் திருட்டுத்தனமா திங்கறேன்னு நினைக்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலியே அமலு."

"சொல்லாமத்தான் டப்பாவ மேல ஏத்திட்டீங்க."

அவர் கெட்டவர் இல்லை. என் காலுக்காக என்னைவிட அதிகம் பயந்தவர். ஆனாலும் அந்த டப்பாவை நான் மன்னிக்க வெகுநாள் ஆயிற்று.

பிறகு, எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. நடைமனையில் விழிக்கும்போது வாயில் ஒரு ருசி இருக்கும். மிளகு, நெய், கொஞ்சம் இஞ்சி. நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினால் ஏதாவது அகப்படும். ஒருநாள் விரல் நகத்தில் குழைந்த பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரி சமையலறைக் கதவை நானே பூட்டிச் சாவியைச் சவரிராஜின் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். அப்படியும் எப்போது தின்றேன்? எங்கே தின்றேன்? தின்றதுகூடத் தெரியாத ஜென்மமா நான்? கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தையே சந்தேகத்தோடு பார்த்தேன்.

இன்னொன்றும் நடந்தது. நடைக்காக அவர்கள் கொடுத்த ஷூ புத்தம்புதிதாகவே இருந்தது. ஆனால் என் பாதங்கள் கறுத்து வெடித்துக்கொண்டிருந்தன. முகம் துடைத்தால் துண்டில் வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டும். ஆட்டோவில் போகும்போது மலை தெரிந்தால் என் இரண்டு கைகளும் தாமாக எழுந்து நெஞ்சுக்கு நேரே கூம்பும். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து மாதா கோவிலில் மட்டுமே கும்பிட்டுப் பழகிய கை. பக்கத்திலிருந்த சவரிராஜ் பார்த்துவிட்டு, "என்ன இது புதுசா?" என்றார். கைகளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவை என் கைகள் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

விடை கிடைத்தது மாதா கோவில் வாசலில். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இறங்கும்போது பாஸ்கலின் அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார். எங்கள் கோவில் பங்கில் நடக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"அமலோற்பவம், நம்ம மாதாகிட்ட இல்லாதது அங்க என்னடி இருக்கு?"

"எங்கக்கா?"

"நடிக்காத. சுகர் இருக்குன்னு நான் காலைல கிரிவலப் பாதையிலதான் நடக்கறேன். வருண லிங்கக் கோயில்கிட்ட உன்ன என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெறுங்காலு, நெத்தி நிறைய விபூதி. கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அங்க அன்னதானம் போடறாங்க இல்ல, வரிசையில நின்னு பொங்கல் வாங்கித் தின்ன. டாக்டரு கிட்ட எடை குறையலன்னு அழுவற, இங்க வந்து ரெண்டு தொன்னை உள்ள தள்ளற. உன்ன என்ன சொல்ல?"

மறுநாள் நடைமனைக்குப் போகவில்லை. சவரிராஜை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் நேராக வருண லிங்கத்துக்குப் போனேன். பந்தல் போட்டு, பெரிய அண்டாவில் வெண்பொங்கல் ஆவி பறந்துகொண்டிருந்தது. மீசைக்காரர் ஒருவர் தொன்னைகளில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! இன்னா, இன்னிக்கி செருப்பு போட்டுக்கினு வந்துட்டீங்க? ரெண்டு தொன்னைதானே?"

என் வாழ்நாளில் அவரை நான் பார்த்ததில்லை.

"உங்க வூட்டுக்காரரா? வணக்கம் சார். அம்மா சாப்புடறத நீங்க பாக்கணுமே. உடனே வாயில வெக்க மாட்டாங்க. கையில வச்சிக்கினு பாத்துக்கினே இருப்பாங்க. சூடு தாங்காம வெரலு செவந்துபோவும், அப்பவும் கீழ வெக்க மாட்டாங்க. கண்ணுல தண்ணி ஊத்தும். நான் ஒண்ணும் கேக்கறதில்ல. யாருக்கு இன்னா கஷ்டமோ."

சவரிராஜ் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "சாயங்காலம் அந்த டப்பாவ கீழ எறக்கி வச்சுடுங்க."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் பொய் சொல்லவில்லை, நான் திருடி இல்லை! பயம் பிறகுதான் வந்தது. வீட்டுக்கு வந்து குளிக்கையில் என் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. இத்தனை நாளாகக் கண்ணில் படாமல் போயிருக்கிறது. இந்தக் கை எனக்குத் தெரியாமல் அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறது என்று நினைத்ததும், ஈரத்தோடு அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடைமனைக்குப் போய் நான் சொன்னதையெல்லாம் டாக்டர் இளம்பரிதி கேட்டுக்கொண்டார். உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். உட்காரவில்லை.

"மன்னிக்கணும் டீச்சர். பட்டை இதயத்துடிப்பச் சொல்லும், நடந்த தூரத்தச் சொல்லும். தின்னதச் சொல்லாது. உங்க நடையாளர் ஒத்துக்கிட்டாங்க. நிறுத்திட்டோம். நாளைலேருந்து வேற ஆள்."

"எதுக்கு அப்படிப் பண்ணாங்க? வீட்டுல சாப்பாடு இல்லாதவங்களா?"

அவர் தயங்கினார். "சாப்பாடு இருக்கு. டீச்சர், நல்ல உடம்பு இருக்கறவங்களால இந்த வேலைய செய்ய முடியாது. அவங்க சொந்தக் காலும் கையும் குறுக்க வந்து குழப்பும். எங்க நடையாளர்கள் எல்லாருமே கழுத்துக்குக் கீழ அசைவோ உணர்ச்சியோ இல்லாதவங்க. விபத்துல அடிபட்டவங்க."

வலியை விற்று வாழ்பவர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அவங்களுக்கு என் வலியக் குடுக்கறது பாவமா இல்லியா டாக்டர்?"

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவங்க வலி இருக்கற உடம்பத்தான் கேட்டு வாங்கறாங்க. லேசான முதுகுன்னா வேணாங்கறாங்க."

"இனி அவங்கள என்ன செய்வீங்க?"

"வேற யார் உடம்புக்கும் அனுப்ப முடியாது. விதி அப்படி."

ஒரு கண்காணிப்பு மட்டும் போட்டு அவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் என் செருப்பு மறுபடியும் கழன்றிருந்தது. மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

புது நடையாளர் யாராக இருந்தாலும் ஒழுங்கானவர். ஷூ தேய்ந்தது, பாதம் ஆறியது, எடை இறங்கியது. விழிக்கும்போது வாயில் ஒரு ருசியும் இல்லை. வெறும் வாயோடு விழிப்பது எனக்கு ஏனோ ஒருமாதிரி இருந்தது. வீடு பூட்டிக் கிடந்து திறந்ததுபோல.

மழை தொடங்கிய வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. இடது பாதத்தில் டாக்டர் பஞ்சால் தடவியபோது கூசியது, சிரித்துவிட்டேன். அவர் ஓர் எச்சரிக்கை மட்டும் சொன்னார்.

"வெயிட் எதுவும் தூக்கக் கூடாது. அப்புறம், பழைய வலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கற மாதிரியே தோணும். பயப்படாதீங்க. ரொம்ப வருஷம் இருந்த வலி முதுகுல மட்டும் இருக்காது. மூளை அத மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும். நாளாக நாளாக மறந்துடும்."

எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. ஒருநாள்கூட. மனப்பாடம் செய்திருக்க வேண்டிய வலி எங்கே போயிற்று என்று நான் யோசிக்கவும் இல்லை. நின்றுகொண்டு பாடம் நடத்தினேன். கரும்பலகையின் மேல் ஓரம்வரை எழுதினேன். பெயர் வைத்த பையன் எழுந்து, "டீச்சர், மேல எழுதறது எங்களுக்குத் தெரியல" என்று குறை சொன்னான். அந்தக் குறையைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது!

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ, களைத்த முகம். பெயர் செங்கமலம் என்றாள்.

"டீச்சர், எந் தங்கச்சி மங்கை உங்கள ஒருக்கா பாக்கணும்னு சொல்லிக்கினே கீது. நடைமனையில இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா தெரியலியே."

எனக்குத் தெரிந்துவிட்டது. போகாமலிருக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

கோபுரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. உள்ளறையில் ஜன்னலோரம் கட்டில். அதில் கிடந்தவள் எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரி. கழுத்துக்குக் கீழே போர்வைக்குள் இருந்த உடம்பு ஒரு மடித்த துணியளவுதான் இருந்தது. நான் உள்ளே வந்ததும் அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். விற்றுப்போன தன் வீட்டை வாசலில் நின்று பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எளைச்சுட்டீங்க" என்றாள். குரலில் துக்கம் இருந்தது.

செங்கமலம் காப்பிக்குப் பால் வாங்கி வருவதாகச் சொன்னபோது, மங்கை அவசரமாக, "போய்ட்டு வாக்கா, நான் டீச்சரோட பேசிக்கினு இருக்கேன்" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் பேசவில்லை. நான் முந்திக்கொண்டேன். மனதில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாதவள் நான்.

"என் கால் போயிருக்கும், தெரியுமா உனக்கு?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறமும் தின்ன?"

"மொதல்ல எதுவும் நினைச்சு திங்கல. வரிசையில நின்னேன், அவரு கையில வச்சாரு. சுட்டுச்சு. எட்டு வருசமா அக்காதான் ஊட்டி விடுது. யாரும் ஊட்டாம, எங் கையால எடுத்து..." அவள் நிறுத்திக்கொண்டாள். "எங் கையின்னு சொல்லிட்டேன். உங்க கை."

"மொதல்ல நினைக்கல. அப்புறம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்புறம் நினைச்சுத்தான் தின்னேன். எடை எறங்கினா ஆபரேசன் பண்ணிடுவாங்க. ஆபரேசன் ஆனா உங்களுக்கு நான் வேணாம். வருண லிங்கத்துல தெனமும் கும்புட்டது அதான். ஆபரேசன் நடக்கக் கூடாது, இந்த ஒடம்பு இப்படியே இருக்கணும்னு."

என் காலால் நடந்து போய், என் கையைக் கூப்பி, என் வாயால் எனக்கே கேடு வேண்டியிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைந்தால்கூட அவளுக்குக் கன்னத்தில் மட்டும்தான் தெரியும். எழுந்து நின்றுவிட்டேன்.

"இதச் சொல்லத்தான் கூப்பிட்டியா?"

"இல்ல டீச்சர். போய்டாதீங்க." அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு முதுகு வலிக்குது."

"என்னது?"

"எட்டு வருசமா ஒண்ணுமே தெரியாத முதுகு. என்ன நிறுத்தினதுக்கு அப்புறமும் அது மட்டும் எங்கிட்டயே இருந்துச்சு. இடுப்புக்கு மேல, திருகற மாதிரி. உங்களுதுதான். எனக்கு நல்லாத் தெரியும் அது."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அத்தனை வருட வலியையும் இந்தத் துணிமூட்டையின் தலையில் இறக்கிவிட்டு, கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஐயோ, இதுக்கு மருந்து இருக்கும்மா. நான் இன்னிக்கே டாக்டர் இளம்பரிதிகிட்ட பேசறேன். அவங்கதான் பொறுப்பு, எடுத்துத்தான் ஆகணும்."

"வேணாம்!" அவள் போட்ட சத்தத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. "யாருகிட்டயும் சொல்லாதீங்க. அக்காகிட்ட கூட. அதுக்குத் தெரிஞ்சா அழுதுக்கினே போயி மாத்திரை வாங்கியாந்துடும். துணிக்கடையில வேல செஞ்சப்ப நாளெல்லாம் நின்னுக்கினே இருப்பேன். கால் வலிக்குதுன்னு தெனமும் ராத்திரி பொலம்புவேன். என்னா பைத்தியக்காரி நான்! வலிக்கும்போதுதான் டீச்சர் எனக்கு முதுகு இருக்கு. முதுகு இருந்தா அதுக்குக் கீழ இடுப்பு இருக்கற மாதிரி, கால் இருக்கற மாதிரி... கண்ண மூடிக்கினா முழுசா இருக்கேன்."

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். வெளியே சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப எதுக்கு என்னக் கூப்பிட்ட?"

"கொறைஞ்சுக்கினே வருது" என்றாள். இப்போதுதான் அவள் அழுதாள். துடைக்கக் கையில்லாத அழுகை, காதுக்குள் வழிந்தது. "முன்ன நாளெல்லாம் இருந்துச்சு. இப்ப எப்பவாச்சும்தான். நேத்து வரவே இல்ல. மறந்துக்கினு வரேன் டீச்சர். எப்பிடி இருந்தா அது வரும்? உங்களுக்குத்தான் தெரியும், வேற யாரக் கேப்பேன்?"

அத்தனை டாக்டரிடம் போனேன். எப்படிப் படுத்தால் வலிக்காது என்று கேட்டிருக்கிறேன். தலையணையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திரும்பக் கூடாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் படிப்பு முழுவதையும் தலைகீழாக ஒருத்தி கேட்பாள் என்று நான் நினைத்ததில்லை. இல்லை என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். இது நல்லதில்லை மங்கை, மறந்துவிடு என்று புத்தி சொல்லியிருக்கலாம்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும்" என்றேன். "வலது முழங்கால மடக்கி முன்னால போடணும். அப்படிப் படுத்தா எனக்கு உயிர் போகும்."

"திருப்பி விடறீங்களா? அக்கா வர்றதுக்குள்ள?" சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். "வேணாம். உங்களுக்கு இப்பத்தான் ஆபரேசன் ஆயிருக்கு. தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"என் முதுக நான் பாத்துக்கறேன். நீ சும்மா இரு."

அவளுக்கு அடியிலிருந்த விரிப்பின் என் பக்கத்து ஓரத்தை இரு கையாலும் பற்றி, மூச்சை அடக்கி, மெல்ல உயர்த்தினேன். கனமே இல்லை. சுவரைப் பார்க்கச் சாய்ந்தாள். வலது காலை எடுத்து மடக்கி முன்னால் வைத்தேன். குளிர்ந்திருந்தது. என் உடம்பு எப்படிக் கிடக்குமோ அப்படியே அவள் உடம்பைக் கிடத்தினேன். தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றி சுருங்கியிருந்தது. மறந்துபோன பெயரை யோசிக்கும் முகம்.

"வருதா?"

வராமல் போய்விடுமோ என்று அவள் தோளை இன்னும் இறுகப் பிடித்தேன். என் வலி வரவேண்டுமே என்று அன்றுதான் முதன்முதலாக நான் வேண்டிக்கொண்டேன்.

அவள் உதட்டைக் கடித்தாள். முகம் கோணியது. பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு முனகல் வந்தது. அந்த முனகல் எனக்குத் தெரியும்.

"வந்துடுச்சு டீச்சர்" என்றாள். "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினேன்.